பட்டியல் எழுதுமுன்

நாகர்கோவில்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். உன் பெரியப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதைக் கேட்டதிலிருந்து என் மனசு அதிலேயே நிற்கிறது. போனில் பேசினால் நடுவில் நீ அழுவாய், நான் கோபப்படுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். புதன்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் உன் கைக்குக் கிடைக்கவேண்டும் என்று நாளைக் காலையிலேயே கூரியரில் போட்டுவிடுவேன்.

நான் புரிந்துகொண்டது சரிதானா, பார். பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி உன் நூலகத்திலிருந்து பாமாவின் ‘கருக்கு’ எடுத்துப் போயிருக்கிறாள். வீட்டில் அவள் அப்பா அதைப் புரட்டி, நாலைந்து பக்கங்களைப் படம் பிடித்துப் பெற்றோர் குழுவில் போட்டிருக்கிறார். வசவுச் சொல் இருக்கிறது, சாதியைக் கிளறுகிறது, கன்னியர் மடத்தைக் குறை சொல்கிறது என்று புகார். இரவுக்குள் இன்னும் பலர் சேர்ந்துகொண்டார்கள். மறுநாள் உங்கள் பள்ளி முதல்வர் உன்னைக் கூப்பிட்டு இரண்டு வேலை கொடுத்தார். அந்தப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதோடு, நூலகம் முழுவதையும் பார்த்து, நாளைக்கு இதுபோலத் தொல்லை தரக்கூடிய புத்தகங்களையெல்லாம் பட்டியல் போட்டுப் புதன்கிழமை கொடுக்க வேண்டும்.

முதல் வேலையைவிட இரண்டாவதுதான் என்னைக் கலங்க வைக்கிறது. ஒரு புத்தகத்தின் மேல் ஒரு தகப்பன் புகார் சொன்னால் அதற்கு ஒரு முகம் இருக்கிறது. எந்தப் பக்கம், எதனால் என்று கேட்கலாம், பதில் சொல்லலாம். பட்டியலில் ஏறப்போகும் புத்தகத்தின் மேல் இன்னும் யாரும் புகார் சொல்லவில்லை. யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, அவர்களுக்குப் பதிலாக நீயே புகார் சொல்லி, நீயே தீர்ப்பும் எழுதவேண்டியிருக்கும். அந்தப் புத்தகங்கள் போனது யாருக்கும் தெரியாது. எடுத்துப் படித்திருக்கக்கூடிய பிள்ளைக்கும் தெரியாது.

இப்படி ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு பள்ளி நூலகத்துக்குள் நுழைந்தவர்களின் கதையை என் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். உனக்குச் சொன்னதில்லை. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டில் ஐலண்ட் ட்ரீஸ் என்று ஒரு பள்ளி மாவட்டம். 1975 செப்டம்பரில் அதன் கல்வி வாரிய உறுப்பினர்கள் மூன்று பேர் ஒரு பெற்றோர் அமைப்பின் மாநாட்டுக்குப் போனார்கள். திரும்பும்போது, பள்ளிக்கு ஆகாத புத்தகங்கள் என்று ஒரு பட்டியலும், அவற்றிலிருந்து பிய்த்தெடுத்த பகுதிகளும் அவர்கள் கையில் இருந்தன. நவம்பரில் ஓர் இரவு அவர்களில் இருவர் மேல்நிலைப் பள்ளி நூலகத்துக்குள் போய், நூற்பட்டியல் அட்டைகள் இருந்த இழுப்பறைகளை இழுத்து, பட்டியலில் இருந்தவற்றில் எவையெல்லாம் அங்கே இருக்கின்றன என்று தேடினார்கள். ரிச்சர்ட் ரைட்டின் தன்வரலாறான ‘பிளாக் பாய்’, கர்ட் வானகட்டின் போர் நாவல் ‘ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்’ எல்லாம் அதில் சிக்கின. 1976 பிப்ரவரியில் அவற்றை எடுக்கச் சொன்னார்கள். புகார் வந்தால் குழு அமைத்துப் படித்துப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது என்று அவர்களுடைய கண்காணிப்பாளரே எழுதிக் கொடுத்தார். கேட்கவில்லை.

எதிர்ப்பு வந்த பிறகு வாரியமே நான்கு பெற்றோரையும் நான்கு பள்ளிப் பணியாளர்களையும் வைத்து ஒரு குழு போட்டது. அந்தக் குழு உட்கார்ந்து படித்து, ஐந்து புத்தகங்களைத் திருப்பி வைக்கச் சொன்னது. படித்தவர்கள் சொன்னதை, பட்டியல் கொண்டுவந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். ஒன்றைத் தடையில்லாமல் திருப்பி வைத்தார்கள். ‘பிளாக் பாய்’ வேண்டுமானால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றார்கள். மற்றவை வெளியே.

ஸ்டீவன் பிகோ என்ற பதினேழு வயதுப் பையனும் அவனோடு நான்கு மாணவர்களும் வழக்குப் போட்டார்கள். 1982 ஜூனில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அவர்கள் பக்கம் நின்றது. கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பள்ளி வாரியம் நூலகப் புத்தகத்தை அகற்ற முடியாது என்று நீதிபதி பிரென்னன் எழுதினார். அந்த ஐந்து பேரும் ஒரே காரணத்தில் ஒன்றுபடாததால் தீர்ப்பின் பலம் எவ்வளவு என்று அங்கே இன்றுவரை வாதாடுகிறார்கள். அது அவர்கள் நாட்டுச் சட்டம், நமக்கு ஆகாது. ஆனால் நடந்த வரிசையைப் பார். முதலில் பட்டியல், பிறகு நீக்கம், அதற்கும் பிறகுதான் படிப்பு. உன்னிடம் புதன்கிழமைக்குள் கேட்பதும் அதே வரிசைதான்.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். “பெரியம்மா, அதிகாரத்தில் இருக்கிறவன் புத்தகத்தைப் பிடுங்கினால் எதிர்க்கலாம். புண்பட்டவர்களே வந்து எங்கள் மனசு வலிக்கிறது, எடுங்கள் என்று சொன்னால் என்ன செய்வது?” என்று கேட்டாய். இதை நான் நூறு கருத்தரங்குகளில் கேட்டுப் பதில் தேடவில்லை. நம் வீட்டுத் திண்ணையிலேயே நடந்தது.

உனக்கு நினைவிருக்குமோ தெரியாது, நீ அப்போது கல்லூரியில் இருந்தாய். என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் உடையின் சமூக வரலாறு பற்றி ஒரு பாடம் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் என்ன உடுத்தினார்கள், இங்கிலாந்துப் பெண்கள் இறுக்கிக் கட்டும் உள்ளுடையை எப்படி விட்டார்கள், காந்தி ஏன் வேட்டிக்கு மாறினார் என்றெல்லாம் போகும் அழகான பாடம். அதன் நடுவில் நம் கதை. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேல்சாதியார் முன்னால் மார்பை மறைக்கக்கூடாது என்றிருந்த வழக்கமும், 1822-இல் தோள்சீலை போட்ட பெண்கள் பொது இடங்களில் தாக்கப்பட்டதும், 1829-இல் போடக்கூடாது என்று அரசாணை வந்ததும், 1859-இல் பெரும் கலவரத்துக்குப் பிறகு, மேல்சாதிப் பெண்கள் போலல்லாமல் வேறு எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்ததும் அதில் இருந்தன. டெல்லியில் படிக்கிற பிள்ளையும் கவுகாத்தியில் படிக்கிற பிள்ளையும் நம் ஊர்ப் பெண்களின் போராட்டத்தைப் படித்தார்கள். நம் ஆச்சி, அவளுடைய பாட்டி சந்தைக்குப் போனதைச் சொல்வாள். தனியாகப் போகமாட்டார்களாம், பெண்கள் கூட்டமாகச் சேர்ந்துதான் போவார்களாம், துணியைப் பிடித்து இழுத்தால் சுற்றி நிற்பதற்கு. ஆச்சி சொன்னதை நான் முதன்முதலாக அச்சில் பார்த்தது அந்தப் பாடத்தில்தான்.

அதே பாடத்தில் இன்னொரு வரியும் இருந்தது. நாடார்கள் கள் இறக்கும் சமூகம் என்றும், நாயர் நிலக்கிழார்களிடம் வேலை செய்யத் தெற்குத் திருவிதாங்கூருக்குக் குடிபெயர்ந்து வந்தவர்கள் என்றும் எழுதியிருந்தார்கள். நம் ஆட்கள் கொதித்துப்போனார்கள். இந்த மண்ணிலேயே வேர் உள்ளவர்களைப் பிழைக்க வந்தவர்கள் என்று எப்படி எழுதலாம் என்று கேட்டார்கள். 2012-இல் இது மாநிலம் முழுக்கப் பெரிதாகி, எல்லாக் கட்சித் தலைவர்களும் கண்டித்தார்கள். உன் மாமாவும் மனுவில் கையெழுத்துப் போட்டான். நியாயமான கோபம்தான். ஒரு முழுச் சமூகத்தின் பழைய வரலாற்றை ஒற்றை வாக்கியத்தில் அடைத்தது சரியான வரலாறு அல்ல. அந்தப் பாடத்தை நான் நடத்தியிருந்தால், அந்த இடத்தில் நிறுத்தி, இதில் வேறு கருத்தும் உண்டு, இதோ பார் என்று சொல்லியிருப்பேன்.

பிறகு நடந்ததைக் கேள். சிலர் திருத்தச் சொன்னார்கள், பலர் நீக்கச் சொன்னார்கள். விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது: சாதி மோதலும் உடை மாற்றமும் என்ற அந்தப் பகுதியிலிருந்து 2017 தேர்வுக்குக் கேள்வி வராது. கேள்வி வராத பாடத்தை எந்தப் பள்ளி நடத்தும், சொல். 2019-இல் சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி என்.சி.இ.ஆர்.டி. அந்த உடைப் பாடம் முழுவதையும், கிரிக்கெட்டின் வரலாறு, உழவர்கள் பற்றிய பாடம் இரண்டோடும் சேர்த்து எடுத்துவிட்டது.

தவறான அந்த வரி போயிற்று. அதோடு 1822 போயிற்று, 1829 போயிற்று, 1859 போயிற்று. ஆச்சியின் பாட்டி போனாள். அந்தப் பெண்களைத் தாக்கியவர்கள் இன்று உயிரோடு இருந்து, இந்த அவமானம் பாடப் புத்தகத்தில் இருக்கக்கூடாது என்று கேட்டிருந்தால் என்ன நடந்திருக்குமோ, அதே பலன்தான் நம் ஆட்களின் கோபத்துக்கும் கிடைத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரிகிறது, பாப்பா. புண்பட்டவர் சொல்வதைக் கேட்கவேண்டும். அவர் எதைக் காட்டிப் புண்பட்டேன் என்கிறாரோ அந்த இடத்தில் இன்னும் கூடுதலாக எழுதவேண்டும். ஆனால் பாடநூல் எழுதும் அலுவலகத்துக்குக் கூடுதலாக எழுதுவது வேலை, எடுத்துவிடுவது ஒரு நொடி. நாம் போய்க் கோபத்தோடு நின்றால் அவர்கள் சுலபமானதைச் செய்துவிட்டு, உங்களுக்காகத்தான் செய்தோம் என்பார்கள்.

அதே 2012-இல்தான் அம்பேத்கர் கேலிச்சித்திர விவகாரமும் நடந்தது. அது இதைவிடக் கடினமானது. பதினோராம் வகுப்பு அரசியல் புத்தகத்தில், 1949-இல் சங்கர் வரைந்த ஒரு சித்திரத்தைச் சேர்த்திருந்தார்கள். அரசமைப்பு ஒரு நத்தையாக ஊர்கிறது, அதன்மேல் அம்பேத்கர் சாட்டையோடு உட்கார்ந்திருக்கிறார், பின்னால் நேரு சாட்டையை ஓங்கி நிற்கிறார், சுற்றி மக்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். நாடாளுமன்றத்தில் தொல். திருமாவளவன் அதை எழுப்பினார். மே 11 அன்று அவையே அமளியானது. அமைச்சர் கபில் சிபல் மன்னிப்புக் கேட்டு, படத்தை எடுப்பதாகச் சொன்னார். புத்தகத்தின் தலைமை ஆலோசகர்களான சுகாஸ் பல்ஷிகரும் யோகேந்திர யாதவும் பதவி விலகினார்கள். மறுநாள் புனேயில் பல்ஷிகரின் அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள்.

நொறுக்கியதை எந்த வகையிலும் ஏற்கமுடியாது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து ஒரு தலித் பிள்ளை வகுப்பில் கூனிக் குறுகும் என்று சொன்னவர்களை, நகைச்சுவை புரியாதவர்கள் என்று பத்திரிகைகள் எழுதியதும் எனக்கு ஆகவில்லை. நான் வகுப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவள். பின் பெஞ்சில் யார் முகம் எப்போது மாறும் என்று எனக்குத் தெரியும். ஒரு பிராமணப் பிரதமர் பின்னால் சாட்டை ஓங்க, அம்பேத்கர் முன்னால் உட்கார்ந்திருக்கும் படத்தை எல்லாப் பிள்ளைகளும் ஒரே கண்ணால் பார்ப்பார்கள் என்று நினைத்தால், அது வகுப்பறையைத் தெரியாதவர் நினைப்பு.

அப்படியானால் எடுத்தது சரியா என்று கேட்பாய். இல்லை. அந்தப் படம் வைக்கும் குற்றச்சாட்டு, அரசமைப்பை எழுத இவ்வளவு தாமதமா என்பது. அதற்கு அம்பேத்கரே 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் பதில் சொல்லியிருக்கிறார். அமெரிக்கா எவ்வளவு காலம் எடுத்தது, கனடா எவ்வளவு, ஆஸ்திரேலியா எவ்வளவு என்று வரிசையாகச் சொல்லி, அவர்கள் எழுதியது எத்தனை பிரிவு, நாம் எழுதியது 395 பிரிவு, அவர்களுக்குத் திருத்தங்களைச் சமாளிக்கும் வேலை இல்லை, நமக்கு 2,473 திருத்தங்கள் வந்தன என்று கணக்கோடு காட்டினார். சித்திரத்துக்குப் பக்கத்தில் அந்த உரையை ஒரு முழுப் பக்கத்துக்கு வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும், யோசி. சங்கரின் நத்தையைப் பார்த்த அதே பிள்ளை, நத்தை மேல் உட்கார்ந்திருக்கிற மனிதர் எழுந்து நின்று அத்தனை பேருக்கும் பதில் சொல்வதையும் பார்த்திருக்கும். பின் பெஞ்சில் குனிந்த தலை நிமிர்ந்திருக்கும். என் வகுப்பில் கிடைத்திருந்தால் அப்படித்தான் நடத்தியிருப்பேன்.

பிறகு எஸ்.கே. தோரட் தலைமையில் ஒரு குழு போட்டு எல்லாப் படங்களையும் ஆராய்ந்தார்கள். நிறையப் படங்களை எடுக்கவோ மாற்றவோ சொன்னது அந்தக் குழு. அதில் நம் எம்.எஸ்.எஸ். பாண்டியன் மட்டும் தனியாக மாற்றுக் கருத்து எழுதிக் கொடுத்தார். பார்ப்பனர் - பார்ப்பனரல்லாதார் அரசியலை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர், சாதி அவமானம் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் தனித்து நின்றார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். 2014-இல் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அதே 2012-இல் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றி ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த சித்திரத்தையும் எடுக்கச் சொல்லித் தமிழ்நாட்டுத் தலைவர்கள் குரல் எழுப்பினார்கள். நம் பிள்ளைகள் உயிரைக் கொடுத்த போராட்டத்தைக் கேலி செய்யலாமா என்பது கோபம். எனக்கும் அந்தச் சித்திரம் பிடிக்கவில்லை. ஆனால் 1965-இல் வெளியூர்ப் பத்திரிகை நம்மை எந்தக் கண்ணால் பார்த்தது என்று தெரியாமல், அந்தப் போராட்டம் ஏன் அத்தனை பெரிதாக எழுந்தது என்பதை ஒரு பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது?

இந்த வாசல் ஒருமுறை திறந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் உள்ளே வருவார்கள். 2023-இல் பத்தாம் வகுப்பிலிருந்து டார்வினின் பரிணாமக் கொள்கையும் தனிம வரிசை அட்டவணையும் போயின. பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து முகலாய அரசவை பற்றிய பாடம் போனது. குஜராத் 2002 போனது. காந்தி கொலை பற்றிய சில வரிகள், முன்னால் வெளியிட்ட நீக்கல் பட்டியலில்கூட இல்லாமல், சத்தமில்லாமல் போயிருந்தன. 2012-இல் பதவி விலகிய அதே பல்ஷிகரும் யாதவும், இந்தப் புத்தகங்களில் எங்கள் பெயர் இருக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று எழுதினார்கள். முதல்முறை அவர்களைக் கைவிட்டவர்கள் எதிர்முகாம்காரர்கள் அல்லர். எல்லாக் கட்சியும் சேர்ந்துதான் கைவிட்டது.

நம் மாநிலத்தையும் விட்டுவிட்டுப் பேசமாட்டேன். 2011-இல் ஆட்சி மாறியதும் சமச்சீர்க் கல்விப் புத்தகங்களை நிறுத்திவைத்தார்கள். பள்ளி திறந்து இரண்டு மாதம் பிள்ளைகள் கையில் புத்தகமே இல்லை. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் கொடுக்கச் சொன்ன பிறகு, முன்னாள் முதலமைச்சர் எழுதிய செம்மொழிப் பாடலும் அவர் பெயர் வரும் இடங்களும் தெரியாமல் காகிதம் ஒட்டியும் மை பூசியும்தான் கொடுத்தார்கள். ஒட்டியது யார்? ஆசிரியர்கள். பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று உனக்கே தெரியும். மற்ற எந்தப் பக்கத்தையும் விட அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார்கள். 2020-இல் நம் பக்கத்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், ஒரு மாணவர் அமைப்பு எதிர்த்தது என்று அருந்ததி ராயின் புத்தகத்தை எம்.ஏ. பாடத்திலிருந்து எடுத்தது. மறு வருஷம் டெல்லிப் பல்கலைக்கழகம் பாமாவின் ‘சங்கதி’யையும் சுகிர்தராணியின் கவிதைகளையும் மகாசுவேதா தேவியின் கதையையும் சேர்த்து எடுத்தது. பாமாவுக்கு இது புதிதல்ல. 1992-இல் ‘கருக்கு’ வந்தபோது அவர் சொந்த ஊர்க்காரர்களே கோபப்பட்டு, சில மாதம் ஊருக்குள் வரவிடவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர்களும் பிறகு படித்தார்கள், ஏற்றுக்கொண்டார்கள்.

சரி, புதன்கிழமைக்கு வருவோம்.

வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லமாட்டேன். உனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, மாப்பிள்ளைக்கு இப்போதுதான் வேலை நிலைத்திருக்கிறது. தனியார் பள்ளியில் ஒரு வார்த்தையில் அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் முதல்வரோடு சண்டைக்குப் போகாதே. ஆனால் வாய்மொழியாகச் சொன்னதை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேள். “மேடம், பின்னால் யாராவது ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால் நான் காட்டவேண்டும்” என்று சொல். எழுத்தில் தரவேண்டும் என்றதும் பாதி உத்தரவுகள் தானே ஆறிப்போகும். இதை நான் என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன்.

பட்டியலுக்குப் பதிலாக ஒரு தாளைக் கொண்டுபோ. புகார் சொல்கிறவர் நிரப்பித் தரவேண்டிய படிவம். பெயர், பிள்ளையின் வகுப்பு, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், புத்தகம் முழுவதையும் படித்தீர்களா, இதற்குப் பதிலாகவோ இதோடு சேர்த்தோ பிள்ளை எதைப் படிக்கவேண்டும் என்று நினைக்கிறீர்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதே. எடு என்று மட்டும் சொல்லி வந்தவரை, கொடு என்று சொல்லவைக்கும் கேள்வி அது. படிவம் வந்தால் இரண்டு ஆசிரியர்கள், இரண்டு பெற்றோர், முடிந்தால் மேல் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அந்தப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை படிக்கவேண்டும். அதுவரை புத்தகம் அலமாரியிலேயே இருக்கவேண்டும். முடிவு என்னவானாலும் காரணத்தோடு பதிவேட்டில் எழுதவேண்டும். இது உன்னைக் காப்பாற்றும், முதல்வரையும் காப்பாற்றும் என்று சொல். அவரும் பயந்துதான் இருக்கிறார்.

வயது என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பார்கள், அது நியாயமான கேள்வி. நாலாம் வகுப்புப் பிள்ளை கைக்குக் ‘கருக்கு’ போகவேண்டாம்தான். எந்த வகுப்புக்கு எந்த அலமாரி என்று பிரிப்பது நூலகரின் வேலை, அதை நீ ஏற்கெனவே நன்றாகத்தான் செய்திருக்கிறாய். வாங்கும்போது பத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் உன் வேலை. ஆனால் பதினாறு வயதுப் பெண் வசவுச் சொல்லை முதன்முதலாகப் புத்தகத்தில்தான் பார்க்கிறாள் என்று யாராவது சொன்னால், அவர்களை ஒரு நாள் பள்ளிப் பேருந்தில் கடைசி இருக்கையில் உட்காரச் சொல். அந்தச் சொல் புத்தகத்தில் வரும்போது, அது யாரை நோக்கி வீசப்படுகிறது, விழுந்த இடத்தில் எப்படி வலிக்கிறது என்பதும் கூடவே வருகிறது. பேருந்தில் அது வராது.

அந்த அப்பாவையும் எதிரியாக நினைக்காதே. மகள் தனக்குத் தெரியாத ஓர் உலகத்துக்குள் போகிறாள் என்ற பயம் அவருக்கு. முடிந்தால் கூட்டத்துக்கு முன்னால் அவரைத் தனியாகப் பார். குழுவில் நூறு பேர் முன்னால் பேசிய மனிதன் வேறு, எதிரே உட்கார்ந்து தேநீர் குடிக்கும் மனிதன் வேறு. புத்தகத்தை அவர் கையிலேயே கொடுத்து, முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள் அண்ணா, பேசுவோம் என்று சொல். படித்த பிறகும் வேண்டாம் என்றால், அவர் மகளுக்கு வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

இவ்வளவு நேரம் நீ பேசியதில் ஒருத்தியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. புத்தகத்தை எடுத்துப்போன அந்தப் பெண். அவள் ஏன் அதை எடுத்தாள்? யாராவது சொன்னார்களா, தானே அலமாரியில் பார்த்தாளா? எந்தப் பக்கம் வரை படித்தாள்? அப்பா அவள் கையிலிருந்து வாங்கிப் படம் பிடித்துப் போட்டபோது, தன் பெயர் பள்ளிக்குழுவில் சுற்றுகிறது என்று தெரிந்தபோது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? முதல்வரும் கேட்கவில்லை, பெற்றோர் குழுவும் கேட்கவில்லை. இந்தக் கடிதம் கிடைத்ததுமே அவளைக் கூப்பிட்டுப் பேசு. விசாரிப்பதுபோல வேண்டாம். நீ எடுத்துப் படித்தது தப்பில்லை என்று உன் வாயிலிருந்து அவள் கேட்கவேண்டும். அவள் படித்து முடிக்கவில்லை என்றால், முடிக்க ஆசைப்பட்டால், அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்று சேர்ந்து யோசியுங்கள். இனிமேல் அவள் நூலகத்துப் பக்கமே வராமல் போனால், புத்தகம் அலமாரியில் இருந்து என்ன பயன்?

இதோடு அம்பேத்கரின் அந்த உரையின் நகலும், பழைய ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து உடைப் பாடத்தின் நகலும் வைத்திருக்கிறேன். பெரியப்பா எடுத்துக் கொடுத்தார். கூட்டத்தில் காட்ட அல்ல, நீ படிக்க. உன் மேல்வகுப்புப் பிள்ளைகளில் யாருக்காவது கொடுக்கத் தோன்றினால் கொடு.

புதன்கிழமை கூட்டம் எத்தனை மணிக்கு முடியும்? முடிந்ததும் கூப்பிடு, எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. முதல்வர் எழுத்தில் தந்தாரா இல்லையா என்பதை முதலில் சொல். குழந்தைக்கு இருமல் குறையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிடு, தள்ளிப்போடாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பெரியம்மா